நாவாய்ப்பூச்சிக்கு வைத்த விருந்து

லோத்தோமாலா ஊருக்கு அந்த நாவாய்ப்பூச்சி வந்து இறங்கிய அன்று அதற்குக் கிடைத்த மரியாதை, ஃபுவத்தீனோ அதே ஊருக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குக் கிடைக்கவில்லை. அவள் வந்தது கொட்டும் மழையில், ஜன்னல் இல்லாத பேருந்தில், மடியில் ஒரு பன்றிக்குட்டியோடு. பூச்சி வந்தது தாவரக் காப்பு வாரியத்தின் வெள்ளைக் காரில், குளிர்பெட்டிக்குள், ஈரப் பஞ்சு மெத்தையில். அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்தன. ஒன்றில் புகைப்படக்காரர் இருந்தார். இன்னொன்றில் முதல் இரண்டு கார்களும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தனவா என்று பார்க்கும் அதிகாரி இருந்தார்.

சாமோவாவில் சேப்பங்கிழங்கு இல்லாத வீடு இல்லை. அந்த வருஷம் லோத்தோமாலாவில் வீடு இருந்தது, கிழங்கு இல்லை. தத்துப்பூச்சி புகுந்து தோட்டம் தோட்டமாகச் சாற்றைக் குடித்துவிட்டது. இலைகள் சுருண்டன. கிழங்குகள் எலுமிச்சை அளவுக்கு மேல் பருக்கவில்லை. அதற்குத்தான் வாரியத்தின் வரவேற்புப் பிரிவு வேறொரு தீவிலிருந்து இந்த நாவாய்ப்பூச்சியைக் கொண்டுவந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம், மெலிந்த பழுப்பு உடம்பு, மடக்கி வைக்கும் ஊசி வாய். தத்துப்பூச்சி தண்டுக்குள் ஒளித்து வைக்கும் முட்டைகளை அந்த ஊசியால் குத்தி உறிஞ்சிவிடுவதே அதன் தொழில்.

பூச்சியை விடுவதற்கு ஃபுவத்தீனோவின் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தீர ஆராய்ந்து எடுத்த முடிவு என்று சொன்னார்கள். சாலை ஓரமாக மூன்று கார் நிறுத்த இடம் இருந்தது அந்தத் தோட்டத்தில் மட்டும்தான்.

வரவேற்புப் பிரிவின் தலைவர் இயோநத்தானா ஊர் மன்றத்தின் முன் எழுந்து நின்று பேசினார். "பெரியவங்களே, இதை வெறும் பூச்சின்னு நினைச்சுராதீங்க. இது அரசாங்கத்தோட விருந்தாளி."

விருந்தாளி என்ற சொல்லை எங்கள் ஊர்ப்பக்கம் லேசாகச் சொல்லிவிடக் கூடாது. ஊர்ப் பேச்சாளர் துலாவே அதைக் கேட்டதும் கோலை ஊன்றி எழுந்தார். விருந்தாளி என்றால் காவா என்ற வேர்ப் பானம் கொடுக்க வேண்டும். காவா கரைத்தார்கள். விருந்தாளியின் பேர் சொல்லிக் கிண்ணம் வாங்க அழைத்தார்கள். கிண்ணம் ஏந்திய வாலிபன் குளிர்பெட்டியின் முன்னால் போய்க் குனிந்து நின்றான். மூடியைத் திறப்பதா, ஊற்றுவதா என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் இயோநத்தானாவே பூச்சியின் சார்பில் வாங்கிக் குடித்தார். பெட்டிக்குள் நானூறு பூச்சிகள் இருப்பதாக அவர் நினைவூட்டியதால் இன்னொரு கிண்ணமும் கொடுத்தார்கள்.

பூச்சி என்னவோ சொன்ன வேலையைச் செய்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் சொன்ன வேலையைச் செய்தது அது ஒன்றுதான். மற்றத் தோட்டங்கள் இன்னும் நோஞ்சானாகக் கிடக்க, ஃபுவத்தீனோவின் தோட்டம் மட்டும் குடை குடையாக இலை விரித்தது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கிழங்கு குழந்தையின் தலை அளவுக்கு இருந்தது. அவளும் அவள் கணவன் செமீசியும் மாலையில் தோட்டத்து ஓரம் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பார்த்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருந்தது. அவள் தம்பி பெசமீனோவுக்கு அம்மா வழிக் குடும்பத்தின் தலைவர் பட்டம் சூட்டப்போகிறார்கள். விழா தீவின் அந்தப் பக்கத்தில், மாத்தாஃபாலா ஊர்த் திடலில். குடும்பக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஃபுவத்தீனோ எழுந்து, "கிழங்கு என் பொறுப்பு. நாப்பது கூடை," என்று சொல்லிவிட்டாள். அக்கா சொன்ன வார்த்தை. சபையில் சொன்ன வார்த்தை. விழாவில் யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதைத் திடலின் நடுவில் நின்று ஒருவன் தொண்டை கிழியக் கூவுவான். கொண்டுவராததையும் அந்தக் கூவலில் எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

தம்பி மனைவி லுவீசாவுக்கு ஆக்லாந்தில் சம்பாதிக்கும் அண்ணன்கள். அவள் அன்றே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "சிரமப்படாதீங்க அண்ணி. முடியலைன்னா சொல்லுங்க, நாங்க அரிசி மூட்டை இறக்கிடறோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் ஃபுவத்தீனோ. அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தோட்டம்தான் கனவு, நினைவு எல்லாம்.

விழாவுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு நீலக் கார் வந்து நின்றது. இளநீர் குடிக்க இறங்கிய ஒரு கனத்த மனிதர், சட்டைப் பையில் நாலு பேனாவோடு தோட்டத்தை எட்டிப் பார்த்தார். ஒரு இலையைத் திருப்பினார். இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது யாரு?" என்றார்.

"அதுவா? நம்ம பூச்சிங்க ஐயா. நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க."

"நானா?"

"காவாகூடக் குடிச்சீங்களே. ரெண்டு கிண்ணம்."

"அது வரவேற்புப் பிரிவும்மா." அவர் முகம் புளித்தது. "நாங்க தடுப்புப் பிரிவு. நான் இயக்குநர் ஃபிலிமோனி."

"ரெண்டும் ஒரே வாரியம்தானுங்களே?"

"வாரியம் ஒண்ணுதான். கதவு வேற."

வரவேற்புப் பிரிவின் கதவும் தடுப்புப் பிரிவின் கதவும் ஒரே நடையில் எதிரெதிராக இருந்தன. இரு பிரிவுக்கும் நடுவில் வாசலில் ஒரு மாமரம். அதன் நிழலில் யார் கார் நிற்பது என்ற தகராறில் பேச்சு நின்று பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு கதவிலிருந்து எதிர்க் கதவுக்குக் கடிதம் போக வேண்டுமானால் அது முதலில் ஊரின் அந்தக் கோடியிலுள்ள அமைச்சகத்துக்குப் போய், அங்கே இளைப்பாறி, திரும்பி வர வேண்டும். ஆகவே வரவேற்புப் பிரிவு உள்ளே அழைத்துவந்தவர்களைத் தடுப்புப் பிரிவு தானாகக் கண்டுபிடித்துத்தான் தடுக்க வேண்டியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமிக்கும் பூசாரிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

மறுநாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வீட்டையும் தோட்டத்தையும் சேர்த்துச் சிவப்புக் கயிறு கட்டினார்கள். ஃபிலிமோனி ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார்.

"இந்தக் கயித்துக்குள்ள இருந்து ஒரு கிழங்கு வெளியே போகக் கூடாது. வெளிக் கிழங்கு ஒண்ணு உள்ள வரக் கூடாது, கலந்துரும். புதுசா நடவும் கூடாது. விசாரணை முடியற வரைக்கும்."

ஃபுவத்தீனோ முன்னால் வந்தாள். "விசாரணை எப்பய்யா முடியும்? தம்பிக்குப் பட்டம் கட்டறாங்க. நாப்பது கூடை சொல்லியிருக்கேன்."

"விசாரணைன்னா அது முடியறதுக்காகப் பண்றதில்லம்மா. ஒழுங்கா நடக்கறதுக்காகப் பண்றது."

"அப்ப நாங்க சாப்பிடறதுக்கு?"

"உள்ளேயே இருந்து தாராளமா சாப்பிடுங்க. தடுப்புன்னா பட்டினி போடறதா? நாங்களும் மனுஷங்கதானே."

அவர் சொல்லி முடித்தபோது நடுப்பகல். பன்னிரண்டு மனுஷங்களும் கயிற்றுக்குள்ளே நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தார்கள். வீட்டு எல்லைக்குள் உச்சி வெயிலில் நிற்பவனை வெறும் வயிற்றோடு அனுப்பியவள் என்ற பேரோடு எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் உயிர் வாழ முடியாது. ஃபுவத்தீனோ செமீசியைப் பார்த்தாள். செமீசி கல்லடுப்பில் தீ மூட்டப் போனான். அவள் தோட்டத்துக்குள் இறங்கிக் கிழங்கைப் பிடுங்கினாள். சுட்ட கிழங்கும் தேங்காய்ப் பாலில் அவித்த இலைப் பொதியும் வந்தன.

ஃபிலிமோனி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "அபாயகரமான கிழங்கு," என்றார். "இதை விரிவா ஆராயணும்."

மறுநாள் ஆராய வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். தலைநகரத்திலிருந்து தினமும் வந்து போவது அரசுக்கு வீண் செலவு என்று கருதி, மூன்றாம் நாள் பாய் தலையணையோடு வந்து அவள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

முதலில் பூச்சிகளை எண்ணினார்கள். எண்ணி முடித்த செடியிலிருந்து எண்ணாத செடிக்குப் பூச்சிகள் பறந்தபடியால் மறுபடியும் எண்ணினார்கள். அப்புறம் ஊர் மன்றத்தைக் கூட்டி விளக்கம் கொடுத்தார்கள். மன்றம் கூடினால் வந்த அதிகாரிகளுக்குச் சாப்பாடு உண்டு. கிழங்கு ஃபுவத்தீனோவுடையது.

"இந்தப் பூச்சி எந்தக் குடும்பம்?" என்று கேட்டார் துலாவே. ஊரிலுள்ள அத்தனை வம்சத்தையும் பத்துத் தலைமுறைக்கு ஒப்பிப்பவர் அவர்.

"மோசமான குடும்பம்ங்க பெரியவரே," என்றார் ஃபிலிமோனி. "செடிச்சாறு உறிஞ்சற குடும்பம். உலகம் பூராவும் இருக்காங்க. பருத்தியில ஒருத்தன், கோகோவில ஒருத்தன், ஆஸ்திரேலியாவில ஆப்பிள் பூவைக் குத்திப் பழத்தோட கன்னத்துல குழி விழற மாதிரி பண்றவன் ஒருத்தன். பத்தாயிரம் வகைக்கு மேல இருக்கு."

"தலைவர் யாரு?"

"தலைவர்லாம் இல்லைங்க."

மன்றத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பத்தாயிரம் கிளை உள்ள குடும்பத்துக்குத் தலைவர் இல்லையென்றால் பிள்ளைகள் கண்டவன் தோட்டத்தில் வாய் வைக்காமல் என்ன செய்வார்கள் என்று எல்லோரும் ஒரு மனதாக வருத்தப்பட்டார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஃபுவத்தீனோ எழுந்தாள். "ஐயா, இது சாறு குடிக்கலைங்களே. கெட்ட பூச்சியோட முட்டையைத்தானே குடிக்குது. செடியைப் பாருங்க, எப்படி இருக்கு!"

"நீ ஒரு பூச்சியைப் பார்த்துச் சொல்றேம்மா. நான் குடும்பத்தைப் பார்த்துச் சொல்றேன். கெட்ட குடும்பத்துல ஒருத்தன் ஒழுங்கா நடந்துக்கறான்னா, அவன்மேல எனக்கு ரெண்டு மடங்கு சந்தேகம் வரும்."

இருந்தாலும் பூச்சி குடிப்பது சாறா முட்டையா என்று நேரில் பார்த்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். ஒரு செடியின் முன் மூன்று நாற்காலி போட்டு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு உட்காருவார்கள். பன்னிரண்டுக்கு எழுந்து சாப்பிடப் போவார்கள். சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அயர்வார்கள். நாலு மணிக்கு வேலை நேரம் முடிந்துவிடும். பூச்சி விடியற்காலையிலும் அந்தி மயங்கியும் சாப்பிடும் ரகம். வார முடிவில் அறிக்கை தயாரானது. அலுவல் நேரத்தில் பூச்சி எதுவும் உண்ணவில்லை, ஆகவே அது எதையோ மறைக்கிறது என்று அதில் கண்டிருந்தது.

அந்த அறிக்கை போதாதென்று ஒரு அதிகாரி ஒரு பூச்சியைப் பிடித்துக் கட்டைவிரலால் நசுக்கி உள்ளே பார்த்தார். துலாவே அதைப் பார்த்துவிட்டார். காவா கொடுத்து வரவேற்ற விருந்தாளியை ஊர் எல்லைக்குள் கொன்றால் என்ன தண்டமோ அதை விதித்தார்: ஒரு பெரிய பன்றி, இரண்டு பெட்டி டப்பா மீன். ஃபிலிமோனி முகம் சுளிக்காமல் கட்டினார். வாரியத்தின் செலவுப் பட்டியலில் தண்டத்துக்கென்று தனித் தலைப்பே இருந்தது. பல வருஷமாக யாரும் அதைத் தொடாததால் அதைக் குறைத்துவிடுவார்களோ என்று அவர் பயந்துகொண்டிருந்தார். பன்றியை ஊர் மொத்தமும் கூடிச் சாப்பிட்டது. பன்றியை மட்டும் தனியாகத் தின்ன முடியுமா? அதிகாரிகளின் பங்குக்கு மட்டும் ஆறு கூடைக் கிழங்கு போயிற்று.

அன்று சாயங்காலம் செமீசி கயிற்றோரம் நின்று தோட்டத்தைப் பார்த்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இருந்தது.

"வேலியே பயிரை மேயுது ஃபுவத்தீனோ. சாறு குடிக்கற குடும்பம் எதுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது."

"சத்தமாப் பேசாதே. காதுல விழும்."

"விழட்டும். நாளையிலிருந்து கடையில ரொட்டி வாங்கிப் போடு."

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு ரொட்டியா? தோட்டத்துல கிழங்கை வெச்சுக்கிட்டா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "பாதிரியார் சம்சாரம் தினம் ரெண்டு தடவை இந்தப் பக்கமா நடக்கறாங்க, எதுக்குன்னு நினைச்சே? ஞாயித்துக்கிழமை சர்ச் பூராவும் என் பேருதான் நாறும்."

"அப்ப உன் தம்பி பேரு திடல்ல நாறாதா?"

அவள் பிடுங்கிய ஒவ்வொரு கிழங்கின் தலைத்தண்டையும் வெட்டி நிழலில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மண்ணில் ஊன்றினால் திரும்ப முளைக்கும் தண்டுகள். ஊன்றவும் தடை இருந்தது. அந்தக் குவியல் தினமும் உயர்ந்ததைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. அதிகாரிகள்மேல் எரிந்ததா, தன் வீம்பின்மேல் எரிந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

விழாவுக்கு முந்தின நாள் பகல் சாப்பாடு முடிந்ததும் அவள் ஃபிலிமோனியின் முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பெரியவர்கள் முன் நின்றுகொண்டு பேசுவது எங்களிடம் வழக்கமில்லை.

"ஐயா, நாளைக்கு விடிஞ்சா விழா. இருக்கறதையாவது கொண்டுபோக விடுங்கய்யா. எங்க அம்மா செத்ததுக்கப்புறம் அவனை வளர்த்தது நான். அவன் பட்டம் கட்டிக்கிட்டு உட்காரும்போது என் பேரைச் சொல்லி ஒண்ணுமில்லைன்னு கூவினா, அவன் தலை குனிஞ்சிரும்யா." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஃபிலிமோனியின் மனம் இளகியது. அவர் கெட்டவர் இல்லை, இயக்குநர், அவ்வளவுதான்.

"அழாதேம்மா. இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். இதுவரைக்கும் ஒரு தப்பான முடிவு என் கையால வெளியே போனதில்லை. சரியான முடிவும் போனதில்லை. அந்தப் பேரை நான் காப்பாத்திக்கணுமா வேண்டாமா? நாளைக்கு நானே விழாவுக்கு வர்றேன். உன் தம்பி சம்சாரம் எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி முறை. எங்க ஆபீஸையே கூப்பிட்டிருக்காங்க. உன் நிலைமையை அங்க எடுத்துச் சொல்றேன்."

பிறகு தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை போய் வந்தார். உதவியாளர்களோடு தணிந்த குரலில் பேசினார். திரும்பப் பெட்டியின் மேல் ஏறினார்.

"தொடர்ந்து பாடுபட்டதால், இந்தத் தோட்டத்துல இருந்த அபாயகரமான கிழங்கோட அளவு பத்துல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு. இது தடுப்புப் பிரிவோட வரலாற்றுல பெரிய சாதனை. மிச்சமிருக்கற அபாயம் தாங்கக்கூடியது. கயித்தை அவிழ்க்கலாம்."

கயிற்றை அவிழ்த்தார்கள். கை தட்டினார்கள். புகைப்படக்காரர் வந்திருந்தார். செமீசி தோட்டம் முழுக்கத் தோண்டிப் பார்த்தான். நாலு கூடை தேறியது.

மாத்தாஃபாலா திடலில் மறுநாள் கால் வைக்க இடமில்லை. பெசமீனோ எண்ணெய் பூசிய மார்பும் இடுப்பில் சுற்றிய மெல்லிய சீர்ப்பாயுமாகத் தலைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். பட்டம் சூட்டியாயிற்று. அவனுக்கு வலப்பக்கம் விருந்தினர் வரிசையில் ஃபிலிமோனியும் அவருடைய பன்னிரண்டு பேரும் சாமந்தி மாலையோடு வீற்றிருந்தார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன் தொளதொளவென்றிருந்த சட்டைகள் இப்போது பொத்தானுக்குப் பொத்தான் இழுத்துப் பிடித்தன.

சீர் கூவுகிறவன் நடுவில் வந்து நின்றான். அவனுக்கு ஒரு சட்டம்தான் உண்டு: கொடுப்பவர் சொன்னதைச் சொன்னபடி கூவ வேண்டும். சேர்க்கவும் கூடாது, விழுங்கவும் கூடாது. அவன் கூவும்போது குறுக்கே பேசப் பட்டத்துக்காரருக்குக்கூட உரிமையில்லை.

"லுவீசா குடும்பத்தாரிடமிருந்து! அரிசி! இருபது மூட்டை!" கூட்டம் நன்றி முழக்கம் போட்டது. லுவீசா தலையிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டாள்.

அவன் ஃபுவத்தீனோவிடம் வந்து குனிந்தான். "அக்கா, எத்தனை?"

"நாப்பது சொல்லியிருந்தேன் தம்பி."

"இங்க நாலுதானே இருக்கு?"

ஃபுவத்தீனோ கூடைகளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. அதிலும் ஜெபம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. விருந்தினர் வரிசையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மிச்சம் முப்பத்தாறு கூடை அங்க இருக்குப்பா. அவங்க வயித்துல. நான்தான் சமைச்சுப் போட்டேன்."

அவன் சட்டத்தை நினைத்துக்கொண்டான். நடுவில் போய் மார்பை நிமிர்த்தினான்.

"பட்டத்துக்காரரின் மூத்த அக்கா ஃபுவத்தீனோவிடமிருந்து! சேப்பங்கிழங்கு! நாற்பது கூடை! அதில் நாலு கூடை இதோ திடலில்! முப்பத்தாறு கூடை அதோ, தடுப்புப் பிரிவின் பெரிய மனிதர்கள் பதின்மூன்று பேரின் வயிற்றில்! சமைத்து, தேங்காய்ப் பாலோடு!"

எங்கோ பின்வரிசையில் ஒரு கிழவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு கோரைக்குத் தீ வைத்தது போல் பரவிற்று. பாதிரியார் பைபிளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஆனால் நன்றி முழக்கமும் கூடவே எழுந்தது. சீர் எந்த வடிவில் வந்தாலும் சீர்தான்.

ஃபிலிமோனி எழுந்தார். இருபது வருஷம் பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

"சபையோர் சிரிக்கறீங்க. நல்லது. ஆனா ஒண்ணைக் கவனிக்கணும். முப்பத்தாறு கூடைக் கிழங்கை நாங்க எங்க உடம்பாலேயே தடுத்து நிறுத்தியிருக்கோம். எங்க ஒருத்தருக்கும் எந்தக் கேடும் வரலை. அதனால கிழங்கு சுத்தம்னும் நிரூபிச்சிருக்கோம்."

"கேட்டுக்கிட்டோம்," என்றார் லோத்தோமாலாவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த துலாவே, மெதுவாகக் கோலை ஊன்றி எழுந்து. "சீர் சுத்தம்னு இயக்குநரே சபையில சொல்லிட்டார். கூவியும் ஆச்சு. அப்படின்னா இது பட்டத்துக்காரருக்குச் சேர்ந்தது. சீரைச் சீரோட வைங்க."

கூவிய சீரை மறுப்பது கூடியிருக்கும் அத்தனை குடும்பங்களையும் முகத்தில் அறைவது போல. ஃபிலிமோனியும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். அது அவருக்குத் தெரியும். எத்தனை சட்டம் படித்திருந்தாலும் அந்த இடத்தில் வாய் திறந்து முடியாது என்று சொல்ல அவரால் முடியவில்லை. பதின்மூன்று பேரும் எழுந்து மாலையோடு நடந்து போய், பன்றிகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் சீர் பிரிக்கும் நேரம் வந்தது. பட்டம் கட்டியவன் முதலில் பிரித்துக் கொடுப்பது தன் அக்காவுக்கு. எங்கள் மண்ணில் தம்பிக்கு அக்காதான் தெய்வத்துக்கு அடுத்த மரியாதை. பெசமீனோ எழுந்தான். தலைவராக அவன் பேசும் முதல் பேச்சு அது. காலையிலிருந்து அக்காவின் முகத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்குப் பன்றியில முதுகுப் பாகம். பெரிய சீர்ப்பாய் ஒண்ணு. அப்புறம்..." என்று தொண்டையைச் செருமினான். "தடுப்புப் பிரிவு. முழுசா."

ஃபுவத்தீனோ அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். லுவீசா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணி, எங்க அரிசியைவிட உங்க கிழங்குக்குத்தான் முழக்கம் பெருசு," என்று காதோடு சொன்னாள். அது உண்மையாகச் சொன்ன சொல்தான்.

திங்கட்கிழமை காலை நீலக் கார் லோத்தோமாலாவுக்கு வந்தது. பேனாக்களைக் காரிலேயே வைத்துவிட்டு, லாவாலாவா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பதின்மூன்று பேரும் தோட்டத்துக்குள் இறங்கினார்கள். நிழலில் அடுக்கியிருந்த தலைத்தண்டுகளை எடுத்து, செமீசி போட்ட குழிகளில் ஒவ்வொன்றாக ஊன்றினார்கள். ஓரத்தில் மிஞ்சி நின்ற சில செடிகளிலிருந்து நாவாய்ப்பூச்சிகள் புதுத் தண்டுகளுக்குப் பறந்து வந்து உட்கார்ந்தன. ஒன்று ஃபிலிமோனியின் தோளில் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிட அவர் கை எழுந்தது. துலாவே கயிறில்லாத வேலியோரம் நிற்பதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

நடுப்பகல் ஆனது. பழக்கதோஷத்தில் எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஃபுவத்தீனோ வீட்டிலிருந்து வெளியே வந்தாள். அவள் கையில் ஒன்றுமில்லை.

"என்னம்மா, இன்னைக்குக் கிழங்கு இல்லையா?" என்றார் ஃபிலிமோனி.

"இருக்கே ஐயா. இப்பத்தானே நட்டிருக்கீங்க." அவள் ஈர மண்ணைக் காட்டினாள். "எட்டு மாசத்துல விளைஞ்சிரும். உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருங்க."